உச்சியில் கவுதாரி

அன்புள்ள மல்லிகா,

உன் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. வழியில் பொம்மையில் முயலின் ஒரு காது மட்டும் உடைந்திருந்தது. பசை போட்டு ஒட்டிவிட்டேன், இப்போது கோடுகூடத் தெரியவில்லை. பூடான் வரை போயும் என் அலமாரியை மறக்கவில்லையே நீ. ரொம்ப சந்தோஷம்.

யானை, அதன் முதுகில் குரங்கு, குரங்கின் மேல் முயல், உச்சியில் கவுதாரி. அங்கே சுவரிலெல்லாம் இந்த நால்வர் படம்தான் என்று எழுதியிருந்தாய். ஏன் இந்த வரிசை என்றும் கேட்டிருந்தாய். இது புத்த ஜாதகக் கதை. தங்களில் யார் மூத்தவர் என்று ஓர் ஆலமரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். நான் குட்டியாக இருந்தபோது இந்த மரம் என் வயிற்றை உரசும் செடி என்கிறது யானை. குரங்கு தரையில் உட்கார்ந்தபடியே இதன் கொழுந்தைத் தின்றதாம். முயல் இதன் இலையில் பனித்துளியை நக்கியதாம். கடைசியில் கவுதாரி, எங்கோ தின்ற பழத்தின் விதையை எச்சமாக இங்கே போட்டதே நான்தான் என்கிறது. அதனால் இருப்பதில் சின்னது உச்சியில் ஏறிவிட்டது. கோயில் கோபுர இடுக்கில் ஆலஞ்செடி முளைப்பதும் இப்படித்தானே!

இப்படிச் சேர்ந்திருக்கும் மிருகப் பொம்மைகளைச் சேர்க்கும் ஆசை எனக்கு வந்தது தாராசுரம் கோயிலில். காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் ஞாபகம் இருக்கிறதா? நீ யானையின் உடம்பைக் கையால் மறைத்தாய், காளை நின்றது. கையை இந்தப் பக்கம் மாற்றினாய், யானை வந்தது. பேருந்து கிளம்புகிறது என்று கூப்பிடும் வரை அதையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் நான் சேர்ப்பது பெரும்பாலும் நிஜத்தில் சேர்ந்து வாழும் ஜோடிகளைத்தான். நாயும் பூனையும் கட்டிக்கொள்ளும் பீங்கான் பொம்மை எங்கும் கிடைக்கிறது, அதில் மனம் ஒட்டவில்லை. போன ஆடியிலேயே மதுரைப் பக்கத்து விளாச்சேரி போய், மண்பொம்மை செய்பவர் ஒருவரிடம் எருமை மேல் கொக்கு வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அழகாகச் செய்திருந்தார், அலகுக்கு மட்டும் கறுப்புப் பூசிவிட்டார். கறுப்பு அலகு சின்னக் கொக்குக்கு. மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு. சொன்னதும் அங்கேயே மாற்றித் தந்தார். மாடு மேய மேயப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி துள்ளும், கொக்கு அதிகம் நடக்காமலே வயிறு நிரம்பிவிடும். எருமைக்குப் பெரிதாக லாபமில்லை, நஷ்டமும் இல்லை.

அண்ணன் மகன் கென்யாவிலிருந்து மரத்தில் செதுக்கிய காண்டாமிருகம் கொண்டுவந்தான். முதுகில் உண்ணி தின்னும் பறவை. அதற்கு சுவாஹிலியில் காண்டாமிருகத்தின் காவலாளி என்றே பெயர். காண்டாமிருகத்துக்குக் கண் பார்வை மட்டம், ஆள் வந்தால் பறவை கத்தி எச்சரிக்கும். ஆனால் அதே பறவை புண்ணைக் கொத்திக் கிளறி ரத்தமும் குடிக்கும். இதைப் படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. பொம்மையை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் யோசித்தேன், அவை சேர்ந்திருப்பதே அப்படித்தான் என்றால் நான் யார் அதை ஒதுக்க? இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

காகமும் குயிலும் வேண்டவே வேண்டாம் என்று இத்தனை வருஷம் இருந்தேன். ஏமாற்று வேலையை அலமாரியில் வைப்பதா என்று ஒரு கோபம். போன ஆனியில் எங்கள் வேப்பமரத்தில் ஒரு குயில் குஞ்சு, உடம்பெல்லாம் புள்ளி. காலையில் நான் மாடிச் சுவரில் வைத்த சோற்றை ஒரு காகம் கொத்திக்கொண்டு போய் அதன் வாயில் திணித்தது. குஞ்சு கத்தக் கத்த மறுபடி வந்தது, மறுபடி போனது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன் மல்லிகா, அடுப்பில் பால் இருப்பதே மறந்துவிட்டது.

அதனால் விளாச்சேரிக்காரரிடமே இதையும் சொல்லியிருக்கிறேன். காகத்தின் அலகில் என்ன வைப்பது, புழுவா என்று நேற்று போனில் கேட்டார். சோற்றுப் பருக்கை என்று சொல்லிவிட்டேன்.

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நவராத்திரிக்கு வா. கொலுவில் ஒரு படி முழுக்க இவைதான். மேலே ஏறவேண்டாம், கீழ்ப்படியிலேயே வைக்கிறேன்.

அன்புடன்,
உன் கோமதி