கழுத்தில் தொங்கிய இரண்டு பிடிகளுக்காக

சிம்கோ ஏரிக்கு எங்களை அனுப்பிவைத்தவர்களுக்கும், ஒருமுறை அனுப்பாமல் மறித்தவருக்கும்,

கனடாவின் ஸ்காபரோவில் இருபது வருடம் இருந்தும் உறைந்த ஏரியில் தூண்டில் போட்டுப் பார்க்காத நால்வர் நாங்கள். இந்த மாரியில் அந்தக் குறை தீர்ந்தது. நால்வரும் முழுசாகத் திரும்பி வந்தோம். அதில் எங்கள் கெட்டித்தனம் கொஞ்சம்தான்.

முதல் நன்றி, ஏரிக்கரை ஊரான கெஸ்விக்கில் இரை மீன் விற்கும் ஐயாவுக்கு. ஜனவரி முதல் கிழமை உங்கள் கடைக்கு வந்தபோது, "ஐஸ் எவ்வளவு தடிப்பு என்று பார்த்தீர்களா?" என்றீர்கள். "எல்லாரும் போகினம்தானே" என்றான் மச்சான். நடந்து போகவே தெளிந்த ஐஸ் 4 அங்குலமாவது, அதாவது 10 சென்ரிமீற்றராவது வேண்டும் என்றீர்கள். ஸ்னோ கலந்த வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம்தான், அதனால் இரண்டு மடங்கு வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஏரியின் குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, வேளைக்கே உறையும், ஆனால் ஹொலண்ட் ஆறு விழுகிற பக்கம் நீரோட்டத்தால் மெல்லிசாகவே கிடக்கும் என்று விரல் நீட்டிக் காட்டினீர்கள். காசை நீட்டியும் மீனை விற்காமல் வீட்டுக்கு அனுப்பிய வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மச்சான் நெடுஞ்சாலை 404 முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே வந்தான். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நன்றி, மனிடோபாவிலிருந்து வந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. நாங்கள் கட்டிய பையை உங்கள் கராஜில் கவிழ்த்துக் கொட்டினீர்கள். ஜீன்ஸும் பருத்திச் சொக்ஸும் ஒரு மூலைக்குப் போயின. வேர்வையில் நனைந்த பருத்தி காயாது, கம்பளி நனைந்தாலும் சூடு தரும் என்றீர்கள். நீங்கள் இரவல் தந்த ஐஸ் பிக், அதாவது ஐஸ் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுகிற கூர்முனைப் பிடிகள் இரண்டும், பையின் அடியில், பிஸ்கட் பெட்டிக்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்துத்தான் உங்களுக்குக் கோபம் வந்தது. "தண்ணீருக்குள் விழுந்தபிறகு சிப்பைத் திறப்பாயா?" என்று கேட்டு, என் கழுத்தில் நீங்களே மாட்டிவிட்டீர்கள்.

அந்த 1-10-1 கணக்கையும் அன்றைக்குத்தான் கேட்டேன். உங்கள் மாகாணப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுத்தது. விழுந்தால் மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். வந்த பக்கமே திரும்பு, உன்னைத் தாங்கிய ஐஸ் அதுதான். பிக்கைக் குத்தி, காலை உதைத்து ஏறு, எழும்பாதே, உருண்டு போ. மச்சான் உங்கள் கராஜ் தரையில் உருண்டு காட்டியதை நால்வரும் மறக்கமாட்டோம். அலவாங்கு மாதிரியான ஒரு கம்பியால் முன்னால் இருக்கும் ஐஸைப் போகப்போகக் குத்திப் பார்க்கச் சொன்னதற்கும் நன்றி.

அக்கா, நீ கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும், பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியும் பத்து மணிக்கே முடிந்துவிட்டன. அதைவிடப் பெரிய உதவி, கார் நிற்கும் இடம், போகும் குடா, திரும்பும் நேரம் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியதும், "ஆறு மணி தாண்டினால் பொலிஸுக்கு அடிப்பன்" என்று மிரட்டியதும். ஐந்தரைக்கே எடுத்துச் சொன்னோமா இல்லையா?

பெயர் கேட்க மறந்த, பக்கத்துக் கூடாரத்துப் பெண்மணிக்கும் சொல்லவேண்டும். காற்றுக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, உள்ளே புரொப்பேன் ஹீற்றரை எரித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தலையிடித்தது, பசி என்று நினைத்தேன். தூண்டில் கடன் கேட்க வந்த நீங்கள் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து, துளைகளையும் திறந்துவிட்டீர்கள். ஹீற்றரிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு மணக்காது என்று பிறகுதான் சொன்னீர்கள். கூடாரத்தில் தொங்கவிடும் அலார்ம் ஒன்று அடுத்த நாளே வாங்கிவிட்டோம்.

பிடிபட்டவை பதினொரு பேர்ச் மீன்கள். பெரியவரே, பொரித்ததில் உங்கள் பங்கு அக்கா வீட்டில் இருக்கிறது. உங்கள் ஐஸ் பிக்கை ஞாயிறு கொண்டுவந்து தருகிறேன். எனக்கென்று ஒன்று வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
நால்வரில் மூத்தவன்