முகம் தெரியாத கொடையாளருக்கு

பெயர் சொல்லி நன்றி சொல்ல வழியில்லை. கொடையாளர் யாரென்று எங்களுக்குச் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தபோது உங்கள் ஸ்டெம் செல்கள்தான், அதாவது ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்கள்தான், கிடைத்தன. உடன்பிறந்தவரின் திசு வகை முழுமையாகப் பொருந்த 25 சதவீதம்தான் வாய்ப்பு, என்னுடையது பொருந்தவில்லை. அந்த மாற்று சிகிச்சைக்குப் பிறகும் நோய் மறுபடி தலைகாட்டியது. இனி என்ன என்று கலங்கி நின்ற எங்களிடம், உங்களிடமே மீண்டும் கேட்கலாம் என்றார் மருத்துவர். இந்த முறை தேவைப்பட்டது லிம்போசைட்டுகள், அதாவது உங்கள் நோய் எதிர்ப்பு அணுக்கள். ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அவற்றை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை உடம்புக்கே திருப்பிவிடுவார்கள். சில மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். மறுக்க உங்களுக்கு முழு உரிமை இருந்தது. ஒருமுறை கொடுத்ததே பெரிது, யார் குறை சொல்லியிருப்பார்கள்? நீங்கள் சரி என்றீர்கள்.

அந்த அணுக்கள் மிஞ்சிய புற்றணுக்களைத் தேடித் தாக்க வேண்டும். தம்பியின் தோலையும் குடலையும்கூடத் தாக்கிவிடலாம் என்பதால், சிறிய அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறார்கள். சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஆனால் தொடர ஒரு வழி இருக்கிறது, அது உங்களால். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.