ஹீட்டரைப் பரணில் ஏற்றுவதற்கு முன்

பினாங்கு,
மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் தம்பி வீடியோவில் காட்டியபோது நீங்கள் ஸ்வெட்டர் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். கோத்தகிரியில் குளிர் முடிந்துவிட்டது, இனி ரூம் ஹீட்டர் பரணுக்கு ஏறிவிடும் என்று அப்போதே நினைத்தேன். அது ஏறுவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். போனில் சொன்னால் "சரிம்மா, பார்த்துக்கிறேன்" என்பீர்கள், பேச்சு பேரன் பக்கம் போய்விடும். எழுத்தில் இருந்தால் அம்மா காலண்டர் ஆணியில் மாட்டி வைப்பார்கள்.

இங்கே தையும் சித்திரையும் ஒன்றுதான். பகலில் 32 டிகிரி, இரவில் 24, நடுவில் ஒரு மழை. மாப்பிள்ளை பயான் லெப்பாஸில் இருக்கும் கம்பெனியிலிருந்து வந்ததும் முதலில் காற்றாடி சுவிட்சைத்தான் தேடுகிறார். போன மாதம் கொடிமலைக்குப் போனோம். 1923-லிருந்து மலை ரயில் ஓடுகிற இடம், உயரம் 833 மீட்டர். நம் ஊர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் மேலே போய் அந்தக் குளிர்காற்று முகத்தில் பட்டதும் நம் வீட்டு முன்னறை, சுவர்க் கணப்பு, சீகை விறகு வாடை எல்லாம் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

குளிரே இல்லாத இந்த ஊரில்தான் ஒரு ஹீட்டர் என்னைப் பயமுறுத்தியது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் இரண்டு குளியலறை. உள்ளே இருப்பதை யாரும் புழங்குவதில்லை. அதன் சுவரில் ஒரு சுடுநீர் ஹீட்டர், எட்டு மாதமாகச் சும்மாவே கிடந்தது. தைப்பூசத்துக்கு அத்தை வந்திருந்தார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவதற்காக விடியற்காலையில் குளிக்க வேண்டும், வெந்நீர் வேண்டும் என்றார்கள். சுவிட்சைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் பிளாஸ்டிக் தீய்கிற வாடை. உடனே வெளியே இருக்கிற மெயினை இறக்கிவிட்டு, அத்தைக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வந்த வயர்மேன் நம்ம தமிழர்தான், இங்கேயே பிறந்தவர். "பசியாறிட்டீங்களா?" என்று இந்த ஊர் வழக்கப்படி கேட்டுவிட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே எறும்புக் கூடு, காய்ந்துபோன ஒரு பல்லி. வயர் வந்து சேருகிற இடத்தில் திருகு தளர்ந்திருந்தது. அதைச் சுற்றி வயரின் தோல் கருகிய வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு, விரல் பட்டதும் பொடிந்தது. "ஓடுற சாமான் கெட்டுப்போனா காட்டிக் கொடுத்துடும். சும்மா கிடக்கிறது காட்டாதுங்க" என்றார். கோளாறு வந்தால் தானாகவே கரண்டை நிறுத்துகிற டிரிப்பர் இருக்கிறதே, அது ஏன் விழவில்லை என்று கேட்டேன். குளியலறை ஹீட்டருக்கு இங்கே 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற டிரிப்பர் போடுகிறார்கள். ஆனால் அது மின்கசிவைத்தான் பிடிக்குமாம். திருகு தளர்ந்து அந்த இடம் மட்டும் கொதிப்பது அதற்குத் தெரியாது. அது எனக்குப் புதுச் செய்தி அப்பா. டிரிப்பர் இருந்தால் போதும் என்று நாம் எவ்வளவு நம்பிக்கையாக இருந்தோம்!

அன்று ராத்திரி நம் ஜமக்காளத்தில் இருக்கிற ஓட்டை ஞாபகம் வந்து தூக்கமே வரவில்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது, கார்த்திகையில் முதல் குளிர் வந்த அன்று, பரணிலிருந்து ஹீட்டரை இறக்கிச் சாக்கைப் பிரித்து அப்படியே சொருகினோமே. சாக்கின் நார் கம்பிவலையில் சிக்கியிருந்திருக்கிறது. ராடு சிவந்ததும் அந்த நார் கனன்று ஜமக்காளத்தில் விழுந்தது. அம்மா ஈரத்துணியைப் போட்டு மிதித்தார்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டையோடு போயிற்று. தம்பி அதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தீ கார்த்திகையில் வந்தது இல்லை அப்பா, பங்குனியில் தூசும் நாருமாகக் கட்டி மேலே போட்டபோதே வந்துவிட்டது.

கொழுந்து குறைகிற மாதங்களில் டீ ஃபேக்டரியில் ட்ரையர் அடுப்பைத் திறந்து, புகைக்குழாய் வரைக்கும் கரியைச் சுரண்டாமல் நீங்கள் விட்டதில்லை. சட்டையெல்லாம் கரியாக வீட்டுக்கு வருவீர்கள். வீட்டு ஹீட்டருக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறியபிறகு, பெயிண்ட் அடிக்கிற காய்ந்த பிரஷ்ஷால் கம்பிவலைக்குள் இருக்கிற தூசைத் தட்டுங்கள். பின்னால் இருக்கும் பளபளப்புத் தகட்டைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், ராடில் தண்ணீர் படவே கூடாது. வயரை ஹீட்டரோடு சேர்த்து இறுக்கிச் சுற்றாதீர்கள், மடங்கிய இடத்தில்தான் உள்ளே கம்பி அறுகிறது. தளர்வாக வளையம் போடுங்கள். சாக்கு வேண்டாம். பழைய வேட்டியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து பீரோவுக்கு அடியில் வையுங்கள். பரணில் எலி வருகிறது, வயரைக் கடிக்கும்.

அப்புறம் அந்த பிளக். பாயிண்டுக்குள் சொருகுகிற அதன் பின்கள் பழுப்பேறியிருக்கின்றனவா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஏறியிருந்தால் பிளக்கையும் சுவரில் இருக்கிற பாயிண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் கெட்டுவிடும். நம் ஹீட்டர் 2000 வாட், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். படுக்கையறையில் இருப்பது 6 ஆம்பியர் சின்ன பாயிண்ட். பெரிய பின்னுக்கு ஒரு கன்வர்ட்டரைப் போட்டு அதில் சொருகுகிறோம். இத்தனை வருஷமும் செய்தது தப்பு. இங்கே பிளக்குக்குள்ளேயே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது, நம் ஊர் பிளக்கில் அதுவும் கிடையாது. ஹீட்டர் வேலை இல்லாத இந்த மாதங்களிலேயே ஆளைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று போட்டுவிடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன். மார்கழியில் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

கணப்பைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டும். வெயில் வந்ததும் அது அலமாரி ஆகிவிடுகிறது. பழைய பேப்பர் கட்டு, போன தீபாவளியில் மிச்சமான மத்தாப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். புகைபோக்கியையும் ஆள் வைத்து ஒருமுறை தேய்த்துவிடுங்கள். போன மார்கழியில் பச்சை விறகைத்தானே எரித்தீர்கள்? ஈர விறகு எரிந்தால் உள்சுவரில் தார் மாதிரி படியும், அந்தத் தாரே பிறகு பற்றிக்கொள்ளும். வாய்க்கு ஒரு கம்பிவலை அடித்தால் மைனா கூடு கட்டாது. கூட்டுக் குச்சி அடைத்திருக்கும்போது கணப்பு மூட்டினால் புகை வீட்டுக்குள்தான் திரும்பும்.

கடைசியாக அள்ளிய சாம்பல் எங்கே இருக்கிறது? கொல்லைச் சரிவில் கொட்டவில்லையே? சாம்பலுக்கு அடியில் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். இப்போது உன்னிச்செடி எல்லாம் சருகாகக் கிடக்கும், மலையில் காட்டுத்தீ பிடிக்கிற மாதங்கள் இவை. மூடி போட்ட தகர வாளியில், சிமென்ட் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் குழைத்த பிறகு கொட்டுங்கள்.

ஐப்பசி அடைமழையில் துணி காயவில்லை என்று அம்மா ஹீட்டரை வெளியே எடுத்து நாற்காலியில் பேரனின் சட்டையைப் போட்டு உலர்த்துவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மேல் ஆணை, வேண்டாம். நாங்கள் வரும்போது ஈரச் சட்டையே போட்டுக்கொள்ளட்டும். கரிச்சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துவதும் கூடவே கூடாது. கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

ஆயுத பூஜைக்கு நீங்கள் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, சைக்கிள் எல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கிறபோது இந்த வருஷம் ஹீட்டரையும் வெளியே எடுத்து வையுங்கள். அன்றைக்குப் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பத்து நிமிடம் ஓடவிட்டு வாடை வருகிறதா என்று பாருங்கள். காலண்டருக்குப் பக்கத்தில் தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112 என்று இரண்டு எண்ணையும் பெரிதாக எழுதச் சொல்லித் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பினாங்கு ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் போன் பண்ணுங்கள். பிளக்கைப் போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள், வயர்மேனிடம் காட்டிக் கேட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பாப்பா