சர்வர் கடிகாரம் ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுவது பற்றிய புகார்

அனுப்புநர்:
கணினிப் பொறுப்பாளர்,
பருப்பு ஏற்றுமதி அலுவலகம், யாங்கூன்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். நீங்கள் அமைத்துக் கொடுத்த சர்வர் எங்கள் அலுவலகத்திலேயே ஓடுகிறது. யாங்கூன் மின்வெட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் மறுபடி எழும்போதெல்லாம் அதன் கடிகாரம் ஆறரை மணி நேரம் முன்னால் நிற்கிறது. உங்கள் ஆட்கள் மதர்போர்டு பேட்டரியை மாற்றிவிட்டுப் போனார்கள். பேட்டரி செத்தால் தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் அதே ஆறரை மணி வராது. பர்மா நேரத்துக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

கோளாறு, தினமும் இரவு 2 மணிக்கு ஓடும் உங்கள் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்டில் இருக்கிறது. அது, நெட்வொர்க் வழியாகச் சரியான நேரத்தை வாங்கித் தரும் என்டிபிடேட்டை ஒரே ஒரு முறை ஓட்டி நேரத்தைச் சரிசெய்கிறது. அப்புறம், சர்வர் அணைந்திருந்தாலும் பேட்டரியில் ஓடும் ஹார்ட்வேர் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. அதற்கடுத்த வரியில், அந்தக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரமா யூடிசியா என்று குறித்துவைக்கும் அட்ஜ்டைம் கோப்பின் மேல் "யூடிசி" என்றிருக்கும் உங்கள் டெம்ப்ளேட்டைப் போட்டுவிடுகிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை இது வெளியே தெரியாது. பூட் ஆகும்போது சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் அந்த உள்ளூர் நேரத்தையே யூடிசி என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் இன்னொரு ஆறரை மணியைக் கூட்டுகிறது. நாங்கள் கையால் திருத்தினாலும் அன்றிரவே ஸ்கிரிப்ட் பழையபடி ஆக்கிவிடுகிறது.

இதனால் படும் பாடு கொஞ்சமல்ல. மதியம் கரண்ட் போய் வந்தால், மாலை 5.30க்குப் பிறகு போடும் பில்லெல்லாம் மறுநாள் தேதியில் விழுகிறது. 7.30 ஆனதும் சர்வர் இரவு 2 மணி என்று நினைத்து ஸ்கிரிப்டை ஓட்ட, நேரம் திடீரென்று பின்னால் குதிக்கிறது. பிறகு போட்ட பில் முன்னால் போய் நிற்கிறது. சென்னைக்கு உளுந்து ஏற்றும் காகிதங்களில் தேதி முன்பின் இருந்தால் வங்கி ஏற்காது. கணக்கர்கள் இரவு வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறார்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் லாகின் குறியீடும் செல்லாமல் போவதால், அந்த நேரத்தில் உள்ளேயே நுழைய முடிவதில்லை.

ஹார்ட்வேர் கடிகாரத்தை யூடிசியிலேயே வையுங்கள். யாங்கூன் நேரத்தை டைம்ஸோன் பார்த்துக்கொள்ளும். என்டிபிடேட்டுக்குப் பதில், நேரத்தைத் தொடர்ந்து சரிபார்க்கும் க்ரோனியை நிரந்தரமாக ஓடவிட்டு, அதில் ஆர்டிசிசிங்க் என்ற அமைப்பை இயக்குங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஹார்ட்வேர் கடிகாரத்தைச் சரிசெய்துவிடும். அட்ஜ்டைம் டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம். மாற்றியதும் எங்கள் முன்னாலேயே மின்சாரத்தைத் துண்டித்து, சர்வரை எழுப்பிக் காட்டுங்கள். அதுவரை பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைக்கிறோம். பேட்டரிக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பொறுப்பாளர்