அம்மாவுக்கு, பார்க்டேலிலிருந்து

டொராண்டோ
16 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்.

இரண்டு முறை போனில் சொல்ல ஆரம்பித்தேன். "உனக்கெதுக்கு கண்ணு ஊர் வம்பு" என்று இரண்டு முறையும் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

மார்ச் 10 அன்று இங்கே திபெத்தியர்கள் நடத்திய ஊர்வலத்துக்குப் போனேன். தம்பி காட்டிய போட்டோவில் கொடி பிடித்து நிற்பது நானேதான். முதலில் உன் பயத்துக்குப் பதில். வேலை போகாது. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டை எனக்கு வந்துவிட்டது, அதையும் யாரும் பிடுங்க மாட்டார்கள். இந்த ஊரில் நடைபாதையில் நின்று கோஷம் போடுவது குற்றமில்லை. போலீஸ்காரர்களே சைக்கிளில் கூட வந்து வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்கள். லத்தியைக் கையில் எடுக்காத போலீசோடு ஊர்வலம் போவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அது எந்தக் கட்சிக் கொடி என்று அப்பா கேட்டாராம். கட்சிக் கொடி இல்லை, திபெத்தின் கொடி. நடுவில் பனிமலை, அதன்மேல் உதிக்கிற சூரியன், சிவப்பும் நீலமுமாகக் கதிர்கள், கீழே இரண்டு பனிச்சிங்கங்கள். திபெத்து இப்போது சீனாவின் கையில். அங்கே இதைத் தூக்கினால் சிறைதான். தலாய் லாமாவின் படத்தை வீட்டில் மாட்டுவதற்கும் அங்கே தடை. சாமி படம் மாட்டியதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வரும் என்று நினைத்துப் பார்.

சரி, எனக்கு இதில் எப்படி வந்து ஒட்டியது என்றுதானே கேட்பாய். என் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது போன்ற வேலைகளில் இருப்பவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள், அடுத்தபடியாகத் திபெத்தியர்கள். வந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த அக்கா சிரித்துவிட்டு, "நீங்க சத்தியமங்கலமா? திம்பம் மலை எறங்குனா வருமே" என்றார். எனக்குக் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. முகத்தைப் பார்த்தால் திபெத்து, வாயைத் திறந்தால் கன்னடம் கலந்த நம் ஊர்த் தமிழ்.

அவர் பிறந்தது ஒடையார்பாளையத்தில். அரியலூர்ப் பக்கத்து உடையார்பாளையம் இல்லை, ஆசனூர், கேர்மாளம் தாண்டிக் கொள்ளேகால் போகிற வழியில் இருக்கிறதே, அது. அப்பாவுக்குத் தெரியும். நாமக்கல் கோழித் தீவனத்துக்கு அங்கிருந்துதானே மக்காச்சோளம் ஏற்றி வருவார். "காட்டுக்குள்ள லாமா கோயில் இருக்குது" என்று சொல்வாரே தவிர, அவர்கள் யார், ஏன் அங்கே வந்தார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. நம் வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தவர்களின் கதையைக் கேட்க நான் கனடா வரவேண்டியிருந்திருக்கிறது.

அக்காவின் அப்பாவும் அம்மாவும் 1959இல் தப்பி வந்தவர்கள். அந்த வருஷம் மார்ச் 10ஆம் தேதி, திபெத்தின் தலைநகர் லாசாவில் தலாய் லாமாவைச் சீன ராணுவ முகாமில் நாட்டியம் பார்க்க அழைத்திருந்தார்கள். மெய்க்காவலர் இல்லாமல் வர வேண்டும் என்று சொன்னதும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போய் அவர் இருந்த நோர்புலிங்கா அரண்மனையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், அவரை வெளியே விடக்கூடாது என்று. 12ஆம் தேதி பெண்கள் தனியாகத் திரண்டார்கள். 17ஆம் தேதி இரவு தலாய் லாமா சிப்பாய் வேஷத்தில் வெளியேறினார். அப்போது வயது 23. இரண்டு வாரம் மலை ஏறி இறங்கி, 31ஆம் தேதி இந்திய எல்லைக்குள் வந்தார். பின்னாலேயே எண்பதாயிரம் பேர் வரை வந்தார்கள். அதனால்தான் மார்ச் 10 அன்று இந்த ஊர்வலம்.

அக்காவின் பெற்றோர் இமாசலத்தில் ரோடு போடும் வேலையில் கல் உடைத்திருக்கிறார்கள். பனிமலையில் யாக் மேய்த்தவர்கள். பிறகு மைசூர் அரசு நிலம் கொடுத்து முதலில் பைலகுப்பே, அப்புறம் முண்ட்கோடு, ஹுன்சூர், கடைசியில் 1974 வாக்கில் கொள்ளேகால் பக்கம் என்று குடியேற்றங்கள் வந்தன. காட்டைத் திருத்தி மக்காச்சோளம் போட்டார்கள். யானை வந்து மிதித்துவிட்டுப் போகும், மறுபடியும் போடுவார்கள்.

குளிர்காலத்தில் ஸ்வெட்டர் வியாபாரம். நினைவிருக்கிறதா, ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கத்தில் எனக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கினாயே, முந்நூற்றைம்பது சொன்னதை இருநூறுக்கு அடித்து? "நேபாளக்காரங்க கடை" என்று ஊரெல்லாம் சொன்னாய். அவர்கள் திபெத்தியர். அந்த ஸ்வெட்டரும் திபெத்து ஸ்வெட்டர் இல்லையாம், லூதியானாவில் மொத்தமாக வாங்கி வருவதாம். அக்காவும் பள்ளி விடுமுறையில் கோயம்புத்தூரில் அப்படி விற்றிருக்கிறார். போகிற வருகிற பையன்கள் "சைனாக்காரி" என்று கூப்பிடுவார்களாம். யாரிடமிருந்து தப்பி ஓடி வந்தார்களோ, கடைசியில் அந்தப் பெயரே. இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. நானும் சின்ன வயதில் அப்படிச் சொல்லியிருப்பேன்.

இந்தியாவிலேயே பிறந்தும் அக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் இருந்ததில்லை என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். வெளிநாட்டவர் என்று பதிவுச் சான்றிதழ் ஒன்று கொடுத்து, அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்கச் சொல்வார்கள். பயணம் போக மஞ்சள் அட்டை போட்ட ஒரு புத்தகம். விமான நிலையத்தில் அதை நீட்டினால் இது என்ன என்று தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். சட்டப்படி பார்த்தால் 1950க்கும் 1987 நடுப்பகுதிக்கும் இடையில் இந்தியாவில் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள்தான். அது திபெத்தியருக்கும் பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் சொன்னது 2010இல். அக்கா 2002இலேயே அமெரிக்கா போய், பஃபலோ எல்லை தாண்டி இங்கே வந்து அகதி என்று மனு கொடுத்துவிட்டார். 1971இல் கனடா முதன்முதலாக எடுத்துக்கொண்ட திபெத்தியர் 228 பேர்தான். இப்போது நான் இருக்கும் இந்தப் பார்க்டேல் பகுதிக்குக் குட்டித் திபெத்து என்றே பெயர். குவீன் தெருவில் டிராமிலிருந்து இறங்கினால் வரிசையாக மோமோ கடை. 2018இல் இந்தத் தொகுதியில் பூட்டிலா கர்போச்சே என்ற திபெத்தியப் பெண் மாகாணச் சட்டசபைக்கே ஜெயித்துப் போனார்.

புதன்கிழமை ஆனால் அக்கா சுபா உடுத்தி வருவார். கணுக்கால் வரை வரும் அவர்கள் உடை. மேலே பனிக்கோட்டு. வந்ததும் சீருடைக்கு மாறிவிட வேண்டும், அந்தப் பத்து நிமிடப் பஸ் பயணத்துக்காகவே உடுத்துகிறார். புதன் தலாய் லாமாவின் நாள் என்று அவர்களுக்கு நம்பிக்கை. லக்கார் என்கிறார்கள், வெள்ளைப் புதன். அன்றைக்குத் திபெத்து உடை, திபெத்து சாப்பாடு, திபெத்து மொழி மட்டும். அக்கா மகனிடம் அன்று முழுக்கத் திபெத்திய மொழியில் பேசுவார், அவன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வான். நம் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் போலத்தான்.

திபெத்துக்குள்ளே மொழிக்காகப் பேசிய ஒருவர் கதையை அக்கா சொன்னார். பெயர் தாஷி வாங்சுக், கடைக்காரர். பள்ளிக்கூடத்தில் திபெத்திய மொழி சரியாகக் கற்றுத்தரவில்லை என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகையின் வீடியோவில் பேசினார், அவ்வளவுதான். 2016 ஜனவரியில் பிடித்தார்கள், ஐந்து வருடம் உள்ளே. சீனாவின் சட்டத்திலேயே சிறுபான்மை மொழிகளுக்கு உரிமை எழுதியிருக்கிறது, அதைத்தான் அவர் கேட்டார். இப்போது பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் வீட்டைவிட்டு அரசு விடுதிப் பள்ளிகளில், சீன மொழியில் படிக்கிறார்கள் என்று 2023இல் ஐ.நா. நிபுணர்களே சொன்னார்கள். அம்மா, 65இல் தாத்தா ஊர்வலம் போய் அடிவாங்கிய கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். அவரிடம் யாராவது ஊர் வம்பு என்று சொன்னார்களா?

ஊர்வலத்தன்று திங்கட்கிழமை. ஷிப்டு மாற்றிக்கொண்டு நேராகச் சீனத் துணைத்தூதரகம் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தெருவுக்குப் போனேன். தெருவோரப் பனி கருத்துப்போய்க் கிடந்தது. காற்று காதை அறுத்தது. பாட்டிகள் ஜெபமாலை உருட்டிக்கொண்டே கோஷம் போடுகிறார்கள். சிலர் முகமூடி போட்டிருந்தார்கள். நான் குளிருக்கு என்று நினைத்தேன். அக்கா, ஊரில் சொந்தம் இருக்கிறவர்கள் என்றார். இங்கே முகம் தெரிந்தால் அங்கே விசாரணை வரும். எதிர்ச்சாரியில் ஒருவர் போனைத் தூக்கி வெகுநேரம் படமெடுத்தார். சும்மா போகிறவராகவும் இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவின் சித்தி ஒருவர் திபெத்தில் இருக்கிறார். 2020இல் டிக்டாக்கைத் தடை செய்தபோது நீ ஒரு வாரம் சுணங்கிக் கிடந்தாயே, அதே உத்தரவில் வீசாட் என்ற சீனச் செயலியும் போனது. திபெத்தோடு பேச இந்தியாவில் இருந்த திபெத்தியருக்கு அதுதான் கம்பி. ஒடையார்பாளையத்தில் அக்காவின் அம்மாவுக்குத் தங்கையின் குரல் அன்றோடு நின்றது. அக்கா இங்கிருந்து முயன்றபோது, "நாங்க நல்லா இருக்கோம், இனிமே கூப்பிடாதே" என்று வைத்துவிட்டாராம்.

ஊர்வலத்தில் பெரிய படங்கள் பல வந்தன. சீன ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்தவர்களின் முகங்கள், 2009 முதல் நூற்றைம்பது பேருக்கு மேல். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரே ஒரு படம்தான் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கன்னம் சிவந்த ஒரு பையன். பெயர் கெதுன் சோக்கி நீமா. 1995 மே மாதம் தலாய் லாமா அவனை அடுத்த பஞ்சன் லாமா, அதாவது தனக்கு அடுத்த நிலையில் இருக்கும் லாமா, என்று அறிவித்தார், மூன்றே நாளில் சீனா அவனையும் குடும்பத்தையும் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு வெளியார் யாரும் பார்க்கவில்லை. பதிலுக்கு வேறொரு பையனை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவன் பிறந்தது 1989. நானும் 89. அவன் காணாமல் போன அடுத்த மாதம் நீ என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாய், சிலேட்டை உடைத்துக்கொண்டு வந்தேன். அவனுக்கு வரும் ஏப்ரலில் 36 ஆகும். ஆனால் இப்போதைய முகம் யாருக்கும் தெரியாது, அதனால் ஊர்வலத்தில் இன்னும் ஆறு வயது.

திரும்பும்போது ரயிலில் அக்காவும் மகனும் சண்டை. தலாய் லாமா கேட்பது நடுவழி, அதாவது சீனாவுக்குள்ளேயே உண்மையான சுயாட்சி. அக்கா அந்தப் பக்கம். மகனுக்கு ரங்சென், முழு விடுதலை. "நீ திபெத்தையே பார்த்ததில்லை" என்கிறார் அம்மா. "நீயும்தான்" என்கிறான் மகன். ரயிலே திரும்பிப் பார்த்தது.

ஜூலையில் தலாய் லாமாவுக்குத் தொண்ணூறு. அந்தக் கவலைதான் எல்லாருக்கும். அரசு அனுமதி இல்லாமல் லாமாக்கள் மறுபிறவி எடுக்கக் கூடாது என்று 2007இல் சீனா ஓர் உத்தரவே போட்டிருக்கிறது. கடவுளை நம்பாத கட்சி மறுபிறவிக்கு விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறது என்றால் நீ சிரிப்பாய். இவர்கள் சிரிக்கவில்லை.

வம்பே வராது என்று பொய் சொல்ல மாட்டேன். 2019இல் ஸ்கார்பரோவில், நம் தமிழர்கள் நிறைந்த அதே பகுதியில், பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக செமி லாமோ என்ற திபெத்தியப் பெண் ஜெயித்தாள். போனில் வசையும் மிரட்டலும் ஆயிரக்கணக்கில் கொட்டின. அவள் பதவியை விடவில்லை. நான் அந்த அளவுக்கெல்லாம் ஆளில்லை. கொடி பிடிக்க ஒரு கை, அவ்வளவே. "அறுபத்தாறு வருஷமாகக் கத்துகிறீர்களே, ஏதாவது நடக்குமா" என்று அக்காவிடம் கேட்டேவிட்டேன். "அடுத்த வருஷம் பெரிய தெர்மாஸ் கொண்டு வரணும், டீ பத்தலை" என்றார்.

இப்போது ஒரு வேலை. அப்பா அடுத்த லோடுக்கு அந்தப் பக்கம் போகும்போது அக்காவின் அம்மாவைப் பார்த்துவிட்டு வரச் சொல். முழங்கால் உறை இரண்டு ஜோடி தம்பி பெயருக்குப் பார்சல் போட்டிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு. குடியேற்றத்தில் போய் டொராண்டோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண்ணின் அம்மா என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். தமிழிலேயே பேசலாம். நாற்காலியில் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். வெண்ணெய் டீ கொடுப்பார்கள், உப்புப் போட்டது. முகத்தைச் சுளிக்காமல் குடிக்கச் சொல், குடித்தால் உடனே மறுபடி நிரப்புவார்கள், அதையும் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் கண்ணு