அந்த ஒரு சிகரெட்டுக்குப் பிறகு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது.

"எல்லாம் போச்சும்மா, இத்தனை மாசம் விட்டதெல்லாம் வீண்" என்று நேற்றுச் சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பிடித்த அந்த ஒரு சிகரெட்டை நினைத்து நான் பெரிதாகக் கலங்கவில்லை. "எல்லாம் போச்சு" என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். ஒரு தம் இழுத்ததோடு நிறுத்தியிருக்கக் கூடியவர்கள், "நம்மால் முடியாது, இனி என்ன" என்று மனம் வெறுத்துப்போய் அடுத்த நாளே பாக்கெட் வாங்குவார்கள். அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த இடத்தைத்தான் தன் ஆராய்ச்சியில் கூர்ந்து பார்த்தார். சறுக்கல் வேறு, பழையபடி ஆகிவிடுவது வேறு என்றார். சறுக்கியவர் அதற்கு என்ன காரணம் கற்பித்துக்கொள்கிறார் என்பது பெரிய விஷயம். "என் புத்தியே பலவீனம்" என்று முடிவு கட்டினால் மேலே முயலத் தோன்றாது. "அன்றைக்கு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்" என்று பார்த்தால், அடுத்த முறை அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று யோசிக்க வழி இருக்கும்.

நீ சொன்னதையே பார். மேலதிகாரியோடு சண்டை, ராத்திரி நேரம், பழைய நண்பர்கள், நீட்டிய கை. இதில் உன் குணக்கேடு எங்கே வந்தது?

உடம்பு இதில் அவ்வளவு குற்றவாளி இல்லை என்பதையும் தெரிந்துகொள். நிக்கோடின் ரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். விட்ட சில நாட்களிலேயே உன் உடம்பை விட்டுப் போய்விட்டது. முதல் வாரத்தின் எரிச்சலும் தூக்கமின்மையும் சில வாரங்களில் அடங்கிவிட்டதை நீயே சொன்னாய். இப்போது இழுப்பது நினைவு. ஒரு இழுப்பு மூளையைத் தொட சில விநாடிகள் போதும். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு, நாளைக்கு 20 சிகரெட் என்றால் வருடத்துக்கு 73,000 தடவை. ஒவ்வொரு தடவையும் கோபம், காத்திருப்பு, சாப்பாடு முடிந்த நேரம் என்று ஏதோ ஒன்றோடு மூளை அதை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அந்த முடிச்சுகள் ஒரே அடியாக அழிவதில்லை. அதே கோபத்தை, அதே காத்திருப்பைச் சிகரெட் இல்லாமல் கடந்து கடந்துதான் புதுப் பழக்கம் அவற்றின் மேல் படியும். ஆகவே வருடங்கள் கழித்தும் திடீரென்று ஆசை எட்டிப்பார்க்கலாம். அதனால் நீ தோற்றாய் என்று ஆகாது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானாகவே தணிந்துவிடும்.

"டென்ஷன் குறையுதும்மா" என்பாய். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, இன்றும் இல்லை. போன சிகரெட்டின் நிக்கோடின் இறங்கியதால் வந்த தவிப்பைத்தான் அடுத்த சிகரெட் பெரும்பாலும் தணிக்கிறது. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. நீ ஏதோ பெரிய ஆறுதலைத் தியாகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே நாளைக் கடத்துகிறாய். அந்த நினைப்பு இருக்கும்வரை "ஒன்றே ஒன்று" என்பது பரிசாகத்தான் தெரியும்.

இன்னொன்று, நாள் எண்ணுவதை விட்டுவிடு. ஆரம்பத்தில் அது உனக்குத் தெம்பு கொடுத்தது, சரி. இப்போது அதுவே உன்னை அடிக்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரலாம், இத்தனை மாதம் நீ கற்றுக்கொண்டது பூஜ்யமாகாது. எத்தனை கூட்டம், எத்தனை பயணம், எத்தனை தூக்கமில்லாத ராத்திரியைச் சிகரெட் இல்லாமல் தாண்டினாய்! அதெல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது.

வெறும் மன உறுதியை மட்டும் நம்பாதே. அந்த நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்று போனால், கை முந்திக்கொள்ளும். யாராவது நீட்டினால் என்ன சொல்வாய், எழுந்து எங்கே போவாய் என்று முன்பே முடிவு செய்து வைத்துக்கொள். மேலதிகாரி கத்திய அன்று யாருக்குப் போன் செய்வாய் என்பதும் அதில் இருக்கட்டும். நிக்கோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் பட்டையோ மறுபடி தேவைப்படுமா என்று டாக்டரிடம் கேள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது.

பாக்கெட் ஏதாவது வாங்கி வைத்திருந்தால் இன்றே தூக்கிப் போடு. வெள்ளிக்கிழமை அதே நண்பர்களைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களில் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லிவிடு, உனக்கு நீட்ட வேண்டாமென்று. சொல்லியாயிற்றா என்று எனக்கு ஒரு வரி அனுப்பு. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

அன்புடன்,
அம்மா