வழியில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

காலாண்டு விடுமுறையில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கும், அங்கிருந்து குற்றாலம் வழியாக வீட்டுக்கும் காரில் போய்வந்தோம். நான், கணவர், மாமியார், நான்கரை வயது மகள், பத்து மாத மகன். கைக்குழந்தையோடு சாலையில் இறங்கினால் முதலில் தெரிவது, நம் நாட்டில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான். காதில் பஞ்சு வைக்கச் சொன்னவர்கள், திருஷ்டிப் பொட்டை இன்னும் பெரிதாக வைக்கச் சொன்னவர்கள், "இந்த வயதில் இவ்வளவு தூரமா?" என்று காருக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இந்த மடல் அவர்களுக்கு அல்ல. ஒன்றும் கேட்காமல் முதலில் கையை நீட்டியவர்களுக்கு.

பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடை. சத்துமாவுக் கஞ்சிக்கு வெந்நீர் வேண்டும் என்று கேட்டேன். கடைக்கார அண்ணன் பாய்லரைத் திறந்து, கொதிக்கும் நீரில் எங்கள் கிண்ணத்தையும் கரண்டியையும் ஒருமுறை அலசி ஊற்றிவிட்டு, புதிதாகப் பிடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். நாங்கள் டீ குடித்ததுகூட அந்தக் கடன் தீரட்டும் என்றுதான். டீயும் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து அந்தப் பூக்கடை அக்கா. எந்த ஊர்ப் பேருந்து நிலையம் என்று எழுதப்போவதில்லை. நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறைகளை 2015இல் தமிழக அரசு திறந்தது. நல்ல திட்டம். நாங்கள் போன நேரத்தில் அந்த நிலையத்து அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று நான்கு பேரைக் கேட்டும் பயனில்லை. பையன் பசியில் வீறிட்டான். அக்கா தம் கடைக்குள் இருந்த ஸ்டூலைக் காலி செய்து, தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிவிட்டு, வெளியே நின்றே பூக் கட்டினார். வியாபார நேரம் அது. அரை மணி நேரம் அவருடைய கடை மூடிய கடைபோல இருந்தது. அக்கா, அதற்கு நான் வாங்கிய இரண்டு முழம் மல்லிகை ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

கோவில்பட்டியை நெருங்கும்போது டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்ணை அழைத்தோம். ரோந்து வண்டியில் வந்த தம்பிகள் முதலில் டயரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்கள். வெயிலுக்குப் பயந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த மாமியாரையும் குழந்தைகளையும் இறக்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திய பிறகுதான் காருக்குப் பின்னே கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். நின்ற வண்டியின் மேல் பின்னால் வரும் லாரி ஏறுவதுதான் இந்தச் சாலையில் அதிகம் பயப்பட வேண்டியது என்று ஒருவர் சொன்னார். அறிவுரைதான், ஆனால் இதை ஏற்றுக்கொள்கிறேன்.

அவர்கள் கொண்டுபோய் விட்ட பஞ்சர் கடையில் எங்களுக்கு ஒரு மதியமே வாய்த்தது. கடைக்காரர் டயர்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை என் மகளிடம் ஒப்படைத்தார். ஆணி குத்திய இடத்தை அவள் கண்டுபிடித்தபோது அவர் காட்டிய வியப்பு, அந்தத் தொழிலில் அவர் அன்றுதான் சேர்ந்தாரோ என்று எண்ண வைத்தது. அவருடைய மனைவி பின்கட்டிலிருந்து ஒரு பழம்புடவையை எடுத்துவந்து வேப்ப மரத்தில் தூளி கட்டினார். கட்டிய பிறகு தாமே இரண்டு முறை தொங்கிப் பார்த்தார். பயணம் தொடங்கியதிலிருந்து சரியாக உறங்காத பையன் அதில் படுத்ததும் உறங்கிப்போனான். வேலை முடிந்த பிறகும் எழுப்ப மனம் வரவில்லை. அவர்களும் எழுப்ப விடவில்லை. கிளம்பும்போது மகள் கையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. சின்னவனுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று அந்த அம்மாவே பொட்டலத்தை அவன் கைக்கு எட்டாமல் வைத்தார்.

நாங்குநேரி பக்கம் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. உண்மையில் கலங்கிப்போனது அங்கேதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு செவிலியர் என்னை உட்கார வைத்து, அவசரமே இல்லாதவர்போல விளக்கினார். ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீர். குறைத்தால் உப்பு மிகுந்துவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாளுக்கு. "போக்கு நின்றதும் எல்லோரும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், நீங்கள் நிறுத்தாதீர்கள்" என்று வாசல்வரை வந்து சொன்னார். முதல் சில கரண்டிகளை அவரே மடியில் வைத்து ஊட்டினார்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே உள்ள 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் கால் வைக்க மறுத்த மகளை, பாண்டி ஆடுவதுபோலக் கட்டம் கட்டமாகத் தாண்டவைத்து அக்கரை சேர்த்த கல்லூரி மாணவிகளுக்கும் நன்றி. அவள் திரும்பியும் அப்படியேதான் வந்தாள்; பின்னால் வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். படகுத் துறை வரிசையில் முன்னே போகச் சொன்னவர்களுக்கும், குற்றாலத்தில் மாமியாரின் கையைப் பிடித்து அருவிவரை கூட்டிப்போன முகம் தெரியாத பெண்களுக்கும் நன்றி. குழந்தைக்கான கார் இருக்கையை இரவல் தந்த தோழிக்குத் தனியாக நன்றி. அதில் ஒட்டியிருக்கும் பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்தது, துடைத்துத் தருகிறேன். நள்ளிரவில் வீடு திரும்பியபோது இட்லி மாவையும் தயிரையும் வாசலில் வைத்திருந்த எதிர்வீட்டு மாமிக்கு நேரில் சொல்லிவிட்டேன்.

நாங்குநேரிச் செவிலியருக்கு ஒரு செய்தி: பையன் நலமாக இருக்கிறான். ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுத்து முடித்தோம்.

இப்படிக்கு,
இரு குழந்தைகளின் தாய்